எடை கூடக் கூட வலி குறையும்

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் மீதியை நம்ப மாட்டீர்கள். ஒட்டுக்கேட்டதில் புரியாததை அந்தப் பெண்ணிடமே போய்க் கேட்டேன். அவள் சொன்னதில் நம்பிக்கை வராததை அவளோடு தங்கியிருக்கும் இன்னொரு பெண்ணிடம் கேட்டுச் சரிபார்த்தேன். அப்படியும் நிரம்பாத இடங்களில் நானே கொஞ்சம் இட்டு நிரப்பியிருக்கிறேன். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் சொந்த வீடு. கீழே நான், மாடியில் குடித்தனம் இரண்டு பெண்கள். கதை எழுதுவது பழக்கம்தான், ஆனால் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதியதில்லை. தெரியாத விஷயத்தை எழுதுகிறவன் பொய்தான் சொல்லப்போகிறான் என்பது என் அபிப்பிராயம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "திரையில் சிவப்பு எழுத்துகள் ரத்தம்போல வழிந்தன." அடித்துவிட்டேன். எழுத்து வழியாது. நான் மேலே போய்ப் பார்த்தேன். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நின்றது.

இரண்டாவது: "ஞானஜோதி நான்கு வருடமாக மீன்காரப் பெண்களின் முழங்காலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்." இது உண்மை. ஆனால் படித்தால் சிரிப்பு வருகிறது. இது சிரிக்கிற விஷயம் இல்லை.

மூன்றாவது: "திங்கட்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு ஞானஜோதி தன் மென்பொருளைப் புதுப்பித்தாள்." இதையே வைத்துக்கொள்கிறேன். நடந்தது அதுதான்.

2

திங்கட்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு ஞானஜோதி தன் மென்பொருளைப் புதுப்பித்தாள். அது புள்ளிவிவரக் கணக்குப் போடுகிற மென்பொருள். கட்டளைகளை வரிவரியாக எழுதிக் கொடுத்தால் அது மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போய்க் கடைசியில் விடையைத் துப்பும். உலகம் பூராவும் ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருக்கிறார்களாம். அவளுடைய லேபில் ஆறு வருடமாக ஒரே பழைய பதிப்புதான். அதிலிருந்துதான் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஏன் புதுப்பித்தாள்? ஒரு படத்துக்காக. கடைசி அத்தியாயத்துக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. அதை வரைகிற துணைக்கருவி, புதிய பதிப்பு இருந்தால்தான் வேலை செய்வேன் என்றது. சரி என்று ஒரு பொத்தானை அமுக்கினாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். காட்டாங்குளத்தூரில் அவள் படிக்கிற இடத்தில் இரண்டு தடவை தவணை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை கிடையாது. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. நான்கு வருடமும் போச்சு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"ஏண்டி, நாலு நாள்ல சப்மிட் பண்ணணும், இப்பப் போய் யாராவது அப்டேட் பண்ணுவாங்களா?" என்றாள் சின்மயி. அவள்தான் கூடத் தங்கியிருப்பவள். தாம்பரம் மெப்ஸ் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை.

"ஒரே ஒரு படம்தான்டி. பழசுல வரல."

"வரலன்னா கையால வரை. பேக்கப் எடுத்தியா?"

"டேட்டா இருக்கு."

"நான் டேட்டாவைக் கேக்கல. பழைய வெர்ஷனைக் கேக்கறேன்."

ஞானஜோதி நகத்தைக் கடிக்கிற சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. (இது நான் இட்டு நிரப்பியது. நகம் கடிப்பது எப்படிக் கேட்கும்?)

முதல் ஓட்டத்தில் நாற்பது சிவப்பு வரிகள். அவள் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்மயி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கீழ இருக்கறதைப் படிக்காதே. மேல முதல் எரர் என்ன? அதைச் சரி பண்ணா பாதி தானா ஓடிடும்."

அது சரியாகவே இருந்தது. புதிய பதிப்பு வந்ததும் அவள் சேர்த்து வைத்திருந்த பதினொன்று பன்னிரண்டு துணைக்கருவிகள் காணாமல் போயிருந்தன. ஒவ்வொன்றாக மறுபடியும் ஏற்றினாள். ஒன்றே ஒன்று மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அதை எழுதியவர் பராமரிப்பதை விட்டுவிட்டாராம்.* அது செய்த வேலையைச் செவ்வாய்க்கிழமை காலையில் இவளே பதினைந்து வரியில் எழுதினாள். அடுத்தது, ஒரு கட்டளைக்குப் பெயரையே மாற்றியிருந்தார்கள். அதற்கடுத்தது, 'அப்படி ஒரு பொருளே இல்லை' என்றது. ஏன் இல்லையென்றால் அதை உண்டாக்குகிற வரி மேலே எங்கோ நின்றுபோயிருந்தது. வரி வரியாக ஓட்டினாள். சாப்பாட்டுக்கு முன் பன்னிரண்டு தப்பு, சாப்பாட்டுக்குப் பின் ஒன்பது.

செவ்வாய் சாயந்திரம் சிவப்பு ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு ஓடியது. நடுவில் ஒரே ஒரு எச்சரிக்கை வந்தது: எண்ணாக மாற்றும்போது சில இடங்கள் காலியாகிவிட்டன என்று. எச்சரிக்கைதானே, தப்பு இல்லையே என்று அவள் அதைத் தாண்டிப் போனாள்.

விடை வந்தது. கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

* இதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர் சும்மா எழுதிக் கொடுத்ததன்மேல் இத்தனை படிப்பு நிற்கிறது. எனக்கு யாராவது சும்மா ஒரு கயிறு கொடுத்தால் கிணற்றில் இறங்க மாட்டேன்.

3

கழித்தல் குறி என்றால் என்ன என்று சொல்லாமல் மேலே போக முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் பொறுத்துக்கொண்டுதான் கேட்டேன்.

கோவளம், கானத்தூர்ப் பக்கத்திலிருந்து தாம்பரம், சேலையூர், கூடுவாஞ்சேரி வரைக்கும் கூடையோடு வந்து மீன் விற்கிற பெண்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்தியின் கூடையையும் தராசில் வைத்து எடை எழுதிக்கொண்டார்கள். முழங்கால் வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொன்னார்கள். வயது, எத்தனை வருடத் தொழில், எவ்வளவு நேரம் ஈரத்தில் உட்காருவது, எல்லாம் எழுதினார்கள். எடைக்கும் வலிக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் ஆராய்ச்சி.

பழைய பதிப்பு சொன்ன விடை: எடை கூடக் கூட வலி குறைகிறது. குறைகிறது என்பதற்குத்தான் கழித்தல் குறி.

அந்தக் கழித்தல் குறியை முதல் தடவை பார்த்தபோது ஞானஜோதியே நம்பவில்லை. மூன்று தடவை ஓட்டினாள். மூன்று தடவையும் அதுவே வந்தது. ஒரே தப்பை மூன்று முறை செய்தால் அது நிச்சயமாகிவிடுகிறது. அவளுடைய வழிகாட்டி சுந்தரராமன் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். "யாரும் எதிர்பார்க்காத ரிசல்ட்மா. இதுதான் பேப்பர்." உடம்பில் தெம்பு இருக்கிறவள்தான் அதிகம் தூக்குகிறாள், தூக்கித் தூக்கி முழங்கால் உரமேறிவிடுகிறது என்று காரணமும் எழுதினார்கள். ஒரு பத்திரிகையில் கட்டுரையாக வந்தது. அந்த மாதிரி ஒரு கட்டுரை அச்சில் வந்திருந்தால்தான் ஆய்வேட்டையே வாங்குவார்கள் என்பது சட்டம். அதனால் அந்தக் கட்டுரைதான் அவளுடைய நுழைவுச் சீட்டு.

அது அதோடு நிற்கவில்லை. மீன்காரப் பெண்களுக்குச் சக்கரம் வைத்த தள்ளுவண்டி கொடுக்கலாம் என்று ஒரு தர்ம ஸ்தாபனம் யோசித்துக்கொண்டிருந்தது. கட்டுரையைப் படித்துவிட்டு, எடையில் பிரச்சினை இல்லை, ஈரத்தரையில் உட்காருவதில்தான் பிரச்சினை என்று முடிவு கட்டி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் முக்காலி கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

அவளிடம் நான் அப்போதே கேட்டேன்: "சுமை தூக்கினா வலி குறையும்னா, கோயம்பேட்டு மூட்டைக்காரங்க ஒருத்தனுக்கும் வலி இருக்கக் கூடாதேம்மா?"

(பொய். நான் கேட்கவில்லை. இப்போது எழுதும்போது தோன்றியது. அன்றைக்கு அவள் சாக்லேட் கொடுத்தாள், வாங்கித் தின்றுவிட்டு நல்லது என்றேன். என்னைப் புத்திசாலியாகக் காட்டுகிற இந்த வரியை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்.)

4

செவ்வாய் சாயந்திரம் வந்த புதிய விடை: எடை கூடக் கூட வலி கூடுகிறது.

ஞானஜோதிக்கு முதலில் தோன்றியது என்னவோ அதுதான் எனக்கும் தோன்றியிருக்கும். புதுசு தப்பு. புதுசாக வருவது எதையும் ஒரு வருடம் போகாமல் நம்பக் கூடாது. இருபத்தொரு தப்பைத் திருத்தும்போது எங்கோ நானே கெடுத்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள். புதன்கிழமை காலை விடிந்ததும் மறுபடி எல்லா வரியையும் பார்த்தாள். கெடுத்த இடம் அகப்படவில்லை.

சின்மயி லீவு போட்டாள். தன்னுடைய பழைய லேப்டாப்பை எடுத்து அதில் பழைய பதிப்பைத் தேடி ஏற்றினாள். இரண்டையும் சாப்பாட்டு மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நான் தண்ணீர் மோட்டார் போடச் சொல்லப் போனவன் வாசலில் நின்றேன்.

"ரெண்டுலயும் ஒரே ஃபைல்தானே?"

"ஒரே ஃபைல்தான்."

"அப்ப ஒவ்வொரு வரியா ஓட்டு. எங்க பிரியுதுன்னு பாப்போம். எடை இருக்கற வரிசையை மட்டும் பத்து வரி பிரின்ட் பண்ணு."

புதியதில் 18, 22, 9, 14 என்று வந்தது. பழையதில் அதே வரிசையில் 9, 13, 26, 5.

"இது எங்கருந்துடி வந்துச்சு?" என்றாள் ஞானஜோதி. "ஒன்பது கிலோ எப்படி இருபத்தாறு ஆச்சு?"

சின்மயி பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள். எடை எழுத வேண்டிய கட்டத்தில் எண் இல்லை. தமிழில் இரண்டு சொல் இருந்தது: போணி ஆவல.

மொத்தம் பதினோரு இடத்தில் அப்படி இருந்தது.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். எண்கள் நிற்கும் வரிசையில் ஒரே ஒரு சொல் நுழைந்துவிட்டால் போதும், பழைய பதிப்பு அந்த வரிசையில் உள்ள எல்லாவற்றையும் சொல் என்று எடுத்துக்கொள்ளும். சொல் என்றால் அகராதி முறைப்படி அடுக்கும். அகராதியில் முதல் எழுத்தைத்தானே பார்ப்பார்கள்? அதனால் பத்து முதலில் வரும், பதினொன்று அடுத்து. முப்பதைத் தாண்டித்தான் ஐந்து, ஆறு. ஒன்பது கடைசியில். அடுக்கி முடித்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று இடத்துக்கு எண் போடும். பள்ளிக்கூடத்தில் பெயர்ப் பட்டியலில் வரிசை எண் போடுவார்களே, அந்த வரிசை எண்ணையே மார்க் என்று எடுத்துக்கொண்ட மாதிரி. ஒன்பது கிலோ தூக்குகிறவள் இருபத்தாறாம் இடம். முப்பது கிலோ தூக்குகிறவள் இருபத்தொன்றாம் இடம். எல்லோருக்கும் மேலே இருபத்தேழாம் இடத்தில், இருப்பதிலேயே அதிகச் சுமை தூக்குகிறவளாக, தராசிலேயே ஏறாத அந்தப் பதினோரு பேர்.

புதிய பதிப்பில் இந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டார்கள். எண்ணை எண்ணாகவும், சொல்லைக் காலியிடமாகவும் வைத்தது. அந்த எச்சரிக்கை அதுதான்.

"ஜோதி," என்றாள் சின்மயி, "அப்டேட்ல எதுவும் உடையல."

ஞானஜோதி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "நாலு வருஷமா உடைஞ்சிருந்தது," என்றாள்.

அப்புறம் என்னைப் பார்த்து, "மோட்டார் போட்டாச்சு அங்கிள்," என்றாள். போட்டிருக்கவில்லை.

5

(இந்தப் பகுதியில் சுந்தரராமனைக் கெட்டவராக எழுதியிருந்தேன். வாயில் பஜ்ஜியோடு பேசுகிறவராக, பெண்பிள்ளைகளை உட்காரச் சொல்லாதவராக. பிறகு விசாரித்தேன். மனிதர் உட்காரச் சொல்லியிருக்கிறார், காபி வரவழைத்திருக்கிறார். இரண்டு தடவையும் தவணைக்காக அவளோடு படியேறி இறங்கியவரும் அவர்தான். ஆகவே கிழித்துவிட்டேன். கெட்டவர் ஒருவர் இருந்தால் கதை எழுதச் சுலபம், இல்லாததால் கஷ்டப்படுகிறேன்.)

5, மறுபடியும்

புதன்கிழமை மத்தியானம் ஞானஜோதி தாம்பரத்தில் ரயில் ஏறிக் காட்டாங்குளத்தூர் போனாள். சுந்தரராமன் சார் எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டார். குறுக்கே பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஃபீல்டு ஷீட்ல இருக்கறதை ஒரு எழுத்துகூட மாத்தாம டைப் பண்ணணும்னு உன்கிட்ட சொன்னது நான்தான், இல்லையா?"

"ஆமா சார்."

"நீயும் அப்படியே பண்ணியிருக்கே."

"ஆமா சார்."

"உனக்காக ஷீட் எழுதின மீன்காரப் பொண்ணும் நடந்ததைத்தான் எழுதியிருக்கு." அவர் சிரித்தார், சந்தோஷத்தில் இல்லை. "ஒருத்தரும் பொய் சொல்லலை. ஆனா பேப்பர் பொய்."

காபியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப நான் சொல்றதைக் கேளு. இன்ன மென்பொருள், இன்ன பதிப்புன்னு ஆய்வேட்டுல எழுதியிருக்கே. அந்தப் பதிப்புல அந்த டேட்டாவைப் போட்டா அந்த விடைதான் வரும். யார் வேணும்னாலும் போட்டுப் பாக்கட்டும். பழைய பதிப்பை ஏத்து, பழைய படத்தையே வை, வெள்ளிக்கிழமை குடு."

"தெரிஞ்சே எப்படி சார்?"

"பட்டத்தை வாங்கு. வாங்கின மறு மாசம் திருத்தம் அனுப்பு. நானும் கையெழுத்துப் போடறேன். டாக்டர் ஞானஜோதி சொன்னா அது திருத்தம்மா. வெறும் ஞானஜோதி சொன்னா அது புகார். பேப்பரை இப்பவே வாபஸ் வாங்கினா உன்கிட்ட பேப்பர் இல்லை. பேப்பர் இல்லைன்னா வெள்ளிக்கிழமை உன் ஆய்வேட்டை வாங்க மாட்டாங்க. அதுக்கு மேல என் கையில எதுவும் இல்லை."

அவர் சொன்னதில் ஒரு இடத்தில்கூட அவளால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. முந்தைய நாள் இருபத்தொரு தப்புக்கும் ஏதாவது ஒரு சிவப்பு வரி வந்தது.

திரும்பி வரும் ரயிலில் அவள் நின்றுகொண்டே வந்தாள். இடம் இருந்தது. (இதை அவளே சொன்னாள். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை என்றாள். எனக்கும் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

6

வியாழக்கிழமை காலையில் நடந்ததற்கு நானே சாட்சி. கேம்ப் ரோட்டு முனையில் மீன் வாங்க நின்றிருந்தேன்.

அங்காளம்மாள் முப்பது வருடமாக அங்கே விற்கிறவள். ஐஸ் பெட்டியை அந்த பிளாஸ்டிக் முக்காலிமேல் வைத்திருப்பாள். அவள் உட்காருவது தரையில். பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் மருமகள் பச்சையம்மா. பன்னிரண்டாவது படித்தவள். வெளியாள் கேட்டால் மீன்காரப் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று ஞானஜோதி அவளைத்தான் படிவம் நிரப்ப வைத்திருந்தாள்.

"இன்னாம்மா, மறுபடியும் தராசு தூக்கிகினு வந்துட்டியா?" என்றாள் அங்காளம்மாள்.

"இல்லக்கா. பச்சையம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த ஃபார்ம்ல சில பேருக்கு 'போணி ஆவல'ன்னு எழுதியிருக்கீங்களே?"

பச்சையம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "ஆவல. அதான் ஆவலன்னு எழுதினேன். மொத யாவாரம் ஆவாம கூடையத் தராசுல வெச்சா அன்னிக்கு பூரா தராசு மேலயே குந்திகினு கெடக்கும், ஒரு மீனு நவுராது. எங்க ஆளுங்க ஒருத்தியும் வெக்க மாட்டா. ஒனக்கு ரயிலுக்கு நேரமாவுது, அதுங்களுக்குப் போணி ஆவல. நான் இன்னா பண்றது?"

"காலியா விட்டிருக்கலாம்."

"காலியா வுட்டா, வூட்ல குந்திகினு நெரப்பிட்டா பச்சையம்மான்னு நீதான் சொல்லுவே. இல்லாட்டி பொய்யா ஒரு நம்பரு போட்டிருக்கணுமா? போட்டிருந்தா ஒனக்கு சந்தோசமா?"

ஞானஜோதி யோசித்தாள். பொய்யாக ஒரு எண் போட்டிருந்தால் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வந்திருக்கும். இதை அவள் பச்சையம்மாவிடம் சொல்லவில்லை. எனக்குப் பிற்பாடு சொன்னாள்.

"இல்லங்க. நீங்க எழுதினது சரி. நான்தான் பாக்கல." பிறகு அங்காளம்மாள் பக்கத்தில் குந்தி, நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். சுமையால் வலி கூடவில்லை என்று முன்னே சொன்னது தப்பு, இப்போது பார்த்தால் கூடுகிறது, என்று.

அங்காளம்மாள் சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். "அப்போ இத்தினி நாளா என் முட்டி நோவு கூடையால இல்லன்னு எழுதி வெச்சிகினு கீறே?"

"ஆமாக்கா."

"பின்னே எதாலன்னு எழுதினே? கொழுப்பாலயா?"

பச்சையம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதனாலதான் தள்ளுவண்டி வர்ல, இந்த முக்காலி வந்துச்சா?"

"ஆமாக்கா."

அங்காளம்மாள் அடுத்த மீனை எடுத்தாள். கோபப்படுவாள் என்று நான் நின்றேன். படவில்லை. "என்னிய கேட்டியே அன்னிக்கு, நோவு எத்தினின்னு. எட்டுன்னேன். எதால வருதுன்னு என்னிய கேட்டியா? கேட்டிருந்தா கூடையாலன்னு சொல்லியிருப்பேன். ஒன் மெசினு அப்போ ஒண்ணு சொல்லுது, இப்போ ஒண்ணு சொல்லுது. நான் அப்போவும் இப்போவும் ஒண்ணுதான் சொல்றேன்."

ஞானஜோதி இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தாள். "இதை நாளைக்கு நான் சொன்னா எனக்குப் பட்டம் கிடைக்காது அக்கா."

"சொல்லாங்காட்டி?"

"கிடைச்சிடும். அப்புறமா திருத்திக்கலாம்னு சார் சொல்றார்."

"அப்றமான்னா எப்போ?"

"ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகலாம்."

அங்காளம்மாள் மீனைப் பையில் போட்டாள். "என்னாண்ட கேக்காதம்மா. என் முட்டியப் பத்தியே என்னிய நம்பல நீ, ஒன் படிப்பப் பத்தி என்னிய இன்னாத்துக்குக் கேக்கறே? எனக்கும் ஒரு வருசம் ஒண்ணும் பெரிசு இல்ல, முப்பது வருசமா தூக்கறேன். நீ பேஜார் ஆவாத." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "இன்னா துலுக்காணம் அண்ணே, சங்கரா வோணுமா வாணாமா? சும்மா காதக் குடுத்துகினு நிக்கறே!"

அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்குச் சங்கரா பிடிக்காது.

7

இன்றைக்கு மத்தியானம், அதாவது அதே வியாழக்கிழமை மூன்று மணிக்கு, ஞானஜோதி கீழே இறங்கி வந்தாள். நான் ஆறாவது பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன்.

"நீங்க என்னைப் பத்தி எழுதறீங்கன்னு சின்மயி சொன்னா."

"ஆமாம்."

"முடிவு என்ன அங்கிள்?"

"நீ ஒண்ணும் பண்ணாம நான் எப்படி எழுதறது?"

"கதைதானே. நீங்க எழுதுங்க. ரெண்டு விதமாவும் எழுதுங்க. எதைப் படிக்க முடியுதுன்னு பாக்கறேன்."

எனக்கு இது பிடிக்கவில்லை. ஒருவர் என் கையெழுத்தைப் பார்த்து அதன்படி நடந்துவிட்டு, பின்னால் துலுக்காணம்தான் காரணம் என்று சொன்னால்? அவள்மேல் எனக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்தது, மறைப்பானேன். ஆனாலும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எழுதினேன்.

முதல் தாள்: "வெள்ளிக்கிழமை ஞானஜோதி பழைய விடையையே கொடுத்தாள். நான்கு பிரதியிலும் முத்திரை குத்தினார்கள். திரும்பும்போது ரயில் கூடுவாஞ்சேரி தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். மறு மாதமே திருத்தம் அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்."

இரண்டாவது தாள்: "வெள்ளிக்கிழமை ஞானஜோதி பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பினாள்: என் கட்டுரை தவறு, திரும்பப் பெறுகிறேன். தர்ம ஸ்தாபனத்துக்கும் ஒரு நகல் போயிற்று. ஐந்து மணி தாண்டியது. அவள் பதிவு ரத்தாயிற்று. அவள் மனசு லேசாயிற்று."

அவள் இரண்டையும் படித்தாள். முதல் தாளை இரண்டு தடவை, இரண்டாவதை மூன்று தடவை.

"இதுல நான் அழறேன்," என்றாள் முதல் தாளைக் காட்டி. "நான் அழ மாட்டேன் அங்கிள். வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுவேன். அம்மா தெரு பூரா சொல்லுவாங்க. எனக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும். அதுதான் இதுல மோசமான விஷயம், அதை நீங்க எழுதல."

அடுத்த தாளைக் கையில் எடுத்தாள்.

"இந்தப் பொண்ணை எனக்குத் தெரியவே தெரியாது," என்றாள் இரண்டாவதைக் காட்டி. "மனசு லேசாயிற்றாமே! எப்படி லேசாகும்? திண்டிவனத்துல போய் எங்கப்பா முன்னாடி உக்காந்து என்ன சொல்லுவா? பழைய மென்பொருள்ல வரிசை எண்ணை எடைன்னு எடுத்துக்கிச்சுப்பான்னா? தள்ளுவண்டி வருமா? அதாவது உறுதியா? அதுவும் கிடையாது. இவ எதை நம்பி இப்படிப் பண்றா?"

"மாத்திக்கோ," என்றேன்.

என் பேனாவை எடுத்தாள். முதல் தாளில் 'ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்' என்பதை அடித்தாள். இரண்டாவது தாளில் கடைசி வாக்கியத்தை அடித்தாள். அடித்த பிறகு இரண்டு தாளுமே நம்பும்படி ஆகிவிட்டன. முன்பு இருந்ததைவிட இரண்டுமே மோசமாக இருந்தன.

"இப்ப படிக்க முடியுது," என்றாள்.

ஒரு தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இன்னொன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

8

எந்தத் தாள் மேலே போனது என்பது எனக்குத் தெரியும். எழுதவும் செய்தேன், ஒரு முழுப் பக்கம். பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். தாளைக் கொண்டுபோனவள் அதன்படிதான் நடப்பாள் என்று என்ன நிச்சயம்? அவளுக்கு நாளை ஐந்து மணி வரைக்கும் நேரம் இருக்கிறது. மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கிறது. சின்மயி ஏதோ கேட்கிறாள். இவள் பதில் சொல்கிறாள். என்ன என்று காதில் விழுகிறது. அதையும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்த வெள்ளிக்கிழமை போயிருக்கும். அவள் ஏதோ ஒன்றைச் செய்து முடித்திருப்பாள். என்ன செய்தாள் என்று கேட்டு எனக்குக் கடுதாசி போடாதீர்கள். அவளுடைய பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், தேடிப் போகாதீர்கள்.

முடிவு வேண்டும் என்றால் இரண்டு தாளும் மேலே இருக்கின்றன, அடித்த இடங்களை அடித்தே படியுங்கள். உங்களுக்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் இரண்டாவது தாளைத்தான் எடுப்பீர்கள். போவது உங்களுடைய நான்கு வருடம் இல்லையே.